மறையூர் வெல்ல பிஸ்கட் ஏன் நமத்துப்போகிறது?

உடுமலையிலிருந்து சின்னாறு தாண்டினால் மறையூர். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற உருண்டை வெல்லத்தின் ஊர். அதைப் பொடித்து, கோதுமை மாவும் வெண்ணெயும் சேர்த்து வீட்டில் பிஸ்கட் சுட்டால் மணத்தில் கடைச் சரக்கையே மிஞ்சும். ஆனால் பக்கத்து மூணாறின் மழைக்காலத்தில் மறுநாளே நமத்துவிடும்.

காரணம், வெல்லத்திலுள்ள ஃபிரக்டோஸ். காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். கடை பிஸ்கட் பலவற்றிலும் ஃபிரக்டோஸ் கலந்த இன்வெர்ட் சர்க்கரைப் பாகு உண்டு. ஆனால் கொஞ்சம்தான், செந்நிறம் ஏறுவதற்கு. ஆலையில் ஈரத்தை நன்றாக வற்றவைத்த பிறகே உறையில் அடைக்கிறார்கள்.

வீட்டில் எப்படி? பாதி வெல்லத்துக்குப் பதில் சர்க்கரை போடலாம். மெல்லிசாகத் தேய்த்து, முள்கரண்டியால் குத்திச் சுட்டு, பிறகு 120 டிகிரியில் கால் மணி நேரம் உலர்த்துங்கள். நடுப்பகுதியும் படக்கென்று ஒடிய வேண்டும். முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் வியர்த்து பிஸ்கட்டிலேயே இறங்கிவிடும்.