மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு

குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு இலங்கை அரசு வழங்கும் மாதக் கொடுப்பனவு, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கற்பிட்டியோ முந்தலோ சிலாபமோ, எந்தக் கரையில் இருப்பவரும் முதலில் காண வேண்டியவர் தமது கிராம சேவகர். அவர் உறுதிப்படுத்திய விண்ணப்பம் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் போகும். அரச வைத்தியர் ஒப்பமிட்ட மருத்துவச் சான்றும் அவசியம். பத்தலங்குண்டுத் தீவிலிருந்து படகேறி வருபவருக்கு ஒரு கடதாசி விடுபட்டாலும் ஒரு நாள் உழைப்பு போய்விடும். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் இரண்டின் பிரதிகளையும் கடல்நீர் படாதபடி பொலித்தீன் உறையில் சுற்றிக் கையோடு கொண்டுவருவது நல்லது. சக்கர நாற்காலி, ஊன்றுகோல் போன்ற உபகரணங்களும் வீடமைப்பு, சுயதொழில் உதவிகளும் வேறு. அவற்றை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகம் வழங்குகிறது. விசாரிக்க வேண்டிய இடம் அதே பிரதேச செயலகம்தான்.