14,000இல் ஒன்று: கையெழுத்திடும் முன் கேளுங்கள்

அறுவைச் சிகிச்சைக்கு முன் ஒரு படிவத்தை நீட்டுகிறார்கள். "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார் தாதி. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையாக இருந்தாலும் சரி, கோலாலம்பூர் மருத்துவமனையாக இருந்தாலும் சரி, தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் சரி, இந்தப் படிவத்திலிருந்து யாரும் தப்ப முடியாது. நம்மில் பலர் அதைப் படிக்காமலேயே கையெழுத்திடுகிறோம். மருத்துவச் சட்டம் பயிலும் மாணவர்கள் கட்டாயம் சந்திக்கும் பாடம் ஒன்று இந்தப் படிவத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதில் பாதி அறிவியல், பாதி சட்டம். வாசகர்களே, இன்று நாமும் அதைப் படிப்போம்.

ஒரு கண்ணுக்காக மறு கண்

நம் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் கண்ணின் உட்பகுதியிலுள்ள சில புரதங்களைச் சாதாரணமாகச் சந்திப்பதில்லை. ஆழமான காயமோ அறுவைச் சிகிச்சையோ அந்தப் புரதங்களை வெளிப்படுத்திவிட்டால், எதிர்ப்பு அணுக்கள் அவற்றை அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கக்கூடும். அதே புரதங்கள் நலமாக உள்ள மறு கண்ணிலும் உண்டு அல்லவா? தாக்குதல் அங்கும் பரவுகிறது. இதற்குச் சிம்பதெட்டிக் ஒஃப்தல்மியா என்று பெயர். மிக அரிதான நோய் இது.

சிறுவயதுக் காயத்தால் வலக்கண் பார்வையை ஏறக்குறைய இழந்திருந்த ஓர் ஆஸ்திரேலியப் பெண்ணுக்கு 1984இல் அந்தக் கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நல்ல கண்ணுக்கு எதுவும் ஆகிவிடக்கூடாது என்ற கவலையோடு அவர் மருத்துவரிடம் திரும்பத் திரும்பக் கேள்விகள் கேட்டிருந்தார். மறு கண்ணுக்கும் ஆபத்து வரலாம் என்பது மட்டும் அவருக்குச் சொல்லப்படவில்லை. அந்த ஆபத்தின் வாய்ப்பு ஏறத்தாழ 14,000இல் ஒன்று. அது அவருக்கே நேர்ந்தது. இடக்கண் பார்வையும் போனது.

14,000இல் ஒன்று என்றால் எவ்வளவு? ஒரு பள்ளியில் 1,400 மாணவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுபோன்ற பத்துப் பள்ளிகளில் ஒரே ஒரு மாணவர். "இவ்வளவு சிறிய எண்ணைச் சொல்லி நோயாளியைப் பயமுறுத்துவானேன்?" என்று தோன்றலாம். ஆனால் ஆபத்தை அளக்க இரண்டு அளவுகோல்கள் வேண்டும்: நேர்வதற்கான வாய்ப்பு எவ்வளவு, நேர்ந்தால் இழப்பு எவ்வளவு? வாய்ப்பைக் கணக்கிட மருத்துவ அறிவியலால் முடியும். பார்வையுள்ள ஒரே கண்ணை இழப்பதன் பொருள் என்னவென்று அந்தக் கண்ணுக்கு உரியவர்தான் சொல்ல முடியும்.

சட்டம் மாறிய கதை

1957இல் இங்கிலாந்தில் போலம் வழக்கு நடந்தது. அதில் பிறந்த விதி, அதே துறையைச் சேர்ந்த பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் ஏற்கும் முறையைப் பின்பற்றிய மருத்துவர் கவனக்குறைவாக நடந்தவர் ஆகமாட்டார் என்றது. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதையும் அதே விதியைக் கொண்டு அளந்தார்கள்.

ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992இல் அதை ஏற்க மறுத்தது. நோயாளியின் நிலையில் உள்ள ஒருவர் முக்கியம் என்று கருதக்கூடிய ஆபத்தை மருத்துவர் சொல்லியே ஆகவேண்டும் என்று தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் இந்தக் கேள்வியைக் கொண்டு வந்தது ஃபூ ஃபியோ நா வழக்கு. 1982இல் சாலை விபத்தில் கழுத்தெலும்பு இடம்பெயர்ந்த ஒரு பெண்ணுக்குப் பெட்டாலிங் ஜெயாவில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. அதன் பிறகு அவருடைய கைகால்கள் செயலிழந்தன. எலும்பைப் பிணைத்த கம்பி வளையம் தண்டுவடத்தை அழுத்தியதே காரணம் என்று உயர் நீதிமன்றம் கண்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. இறுதியில் 2006 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அப்பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆபத்தை விளக்கும் கடமைக்குப் போலம் விதி பொருந்தாது என்றும் அது கூறியது. விபத்திலிருந்து தீர்ப்பு வரை 24 ஆண்டுகள்!

2017இல் அதே நீதிமன்றம் எல்லையை மேலும் தெளிவாக்கியது. நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சையிலும் போலம் விதி தொடரும். ஆபத்தை எடுத்துச் சொல்வதில் நோயாளியின் பார்வையே அளவுகோல்.

மருத்துவமனை வழக்கறிஞரின் வேலை

மருத்துவமனை வழக்கறிஞர் என்றதும் நீதிமன்றத்தில் வாதாடுபவர்தான் நினைவுக்கு வருவார். ஆனால் வழக்கு வராமல் தடுப்பதும் அவருடைய வேலைதான். ஒப்புதல் படிவத்தைச் சரிபார்க்க வேண்டும். மருத்துவப் பதிவேடுகளை நாள், மணி வரிசையில் படிக்க வேண்டும். யார், யாரிடம், எப்போது, எந்த மொழியில் விளக்கினார் என்று கேட்க வேண்டும். தண்டுவடம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் இந்த வேலையில் தடுமாறுவார். அறிவியல் பிரிவில் படிக்கும் படிவம் ஐந்து மாணவர்களே, சட்டத்துறையிலும் உங்கள் உயிரியல் பாடத்துக்கு வேலை உண்டு.

"எந்த மொழியில்?" என்ற கேள்வி நமக்கு மிக அருகில் உள்ளது. மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ விளக்குகிறார். தமிழ் மட்டும் தெரிந்த பாட்டிக்குப் பேரன் மொழிபெயர்க்கிறான். பாட்டி பயந்துவிடுவாரே என்று ஆபத்தைப் பற்றிய பகுதியை விழுங்கிவிடுகிறான். பாட்டி கையெழுத்திடுகிறார். அவருக்கு நீதிமன்றம் தந்த உரிமை கட்டிலருகே வந்து நின்றுவிடுகிறது. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்று மலேசிய மருத்துவ மன்றத்தின் ஒப்புதல் வழிகாட்டியும் சொல்கிறது. மருத்துவ நீதி என்று சட்ட மாணவர்கள் படிப்பது இந்த இடத்தில்தான் சோதிக்கப்படுகிறது.

நீங்கள் கேட்க வேண்டியவை

அடுத்த முறை படிவம் நீட்டப்பட்டால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்தச் சிகிச்சையால் என்ன பயன்? என்னென்ன ஆபத்துகள், எத்தனை பேரில் ஒருவருக்கு? வேறு வழி உண்டா? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? உங்கள் வேலையையும் வாழ்க்கையையும் பற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள். விரல்களை நம்பிப் பிழைக்கும் தையல்காரருக்கு விரல் மரத்துப்போவது சிறிய ஆபத்தா? சொன்னால்தானே மருத்துவருக்குத் தெரியும்! மொழி புரியாவிட்டால், பிள்ளைகளை நம்பாமல், தமிழ் தெரிந்த தாதியோ மருத்துவரோ வேண்டும் என்று கேளுங்கள்.

ஏதேனும் தவறு நடந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் காலம் கடத்தாதீர்கள். தீபகற்ப மலேசியாவில் அரசாங்க மருத்துவமனை மீது வழக்குத் தொடரப் பொதுவாக 36 மாதங்களும், தனியார் மருத்துவமனை மீது 6 ஆண்டுகளும்தான் அவகாசம். மருத்துவ அறிக்கைக்கு உடனே விண்ணப்பித்து, ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. பதில் சொல்வது அவருடைய கடமை என்று நம் நாட்டின் உச்ச நீதி பீடமே சொல்லிவிட்டது.