சன்னலோரத்தில் சிறு ரோஜா

நகரங்களை ஒட்டியுள்ள சிறு விவசாயிகள் பலர் பன்னீர் ரோஜா, எட்வர்டு ரோஜா, ஆந்திர சிவப்பு ரோஜா ஆகியவற்றை உதிரிப் பூவுக்காகப் பயிரிட்டு வருகின்றனர். தொட்டியோடு விற்கக்கூடிய சிறு ரோஜாவில் அவ்வளவாக யாரும் கவனம் செலுத்துவதில்லை. கிணற்றடியில் அரை சென்ட் இடமும் ஒரு கீற்றுப் பந்தலும் இருந்தால் நூறு தொட்டிகள் வரை வைக்கலாம். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வாங்கிச் சென்றவர் வீட்டில் ஒரு மாதத்திற்குள் செடி பட்டுப்போனால் அவர் மறுபடி நம்மிடம் வரமாட்டார். ஆகவே, செடியை வளர்ப்பதோடு அது வீட்டுக்குள் எதனால் சாகிறது என்பதையும் விற்பவர் அறிந்திருக்க வேண்டும்.

சிறு ரோஜாவில் பூ மட்டுமன்றி இலை, தண்டு, மொட்டு எல்லாமே சிறுத்திருக்கும். செடி அரை அடி முதல் ஒன்றரை அடி உயரம் வரை வளரும். நாற்றுப் பண்ணைகளில் 'பட்டன் ரோஜா' என்று விற்கப்படுபவை எல்லாம் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. சில மூன்றடிக்கு மேல் ஓங்கி வளர்ந்துவிடும். வாங்கும்போது பூவைப் பார்க்காமல் இலையைப் பாருங்கள்.

இதன் மூலம் சீன ரோஜா. சுவிட்சர்லாந்தில் ஒரு கிராமத்து வீட்டுச் சன்னல்களில் தொட்டிகளில் வளர்ந்து வந்த குட்டை ரோஜாவை ரூலே என்பவர் கண்டு சொல்ல, கொரவோன் என்ற தாவர வல்லுநர் அதைப் பெருக்கி ரூலேயின் பெயரையே அதற்குச் சூட்டினார். ஹாலந்து நாட்டின் டி விங்க், அமெரிக்காவின் ரால்ப் மூர் போன்றவர்கள் பின்னர் பல புதிய ரகங்களை உண்டாக்கினர். சன்னலில் வாழ்ந்து பழகிய செடிதான் இது. ஆனால் சன்னல் என்றால் வெயில் விழும் சன்னல்.

வெளிச்சம்

சிறு ரோஜா நிழல் செடி அன்று. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். கிழக்கு பார்த்த சன்னல் அல்லது தாழ்வாரம் மிகச் சிறந்தது. மேற்குச் சன்னலில் சித்திரை, வைகாசி வெயில் தொட்டியையே சுட்டுவிடும். கூடத்து மூலையிலும் தொலைக்காட்சிப் பெட்டியின் மேலும் வைத்தால் தண்டு வெளிறி நீண்டு, மொட்டுகள் கருகி உதிரும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வைத்தால் செடி ஒரு பக்கமாகச் சாயாது. வெயிலே இல்லாத வீட்டில் செடிக்கு ஆறேழு அங்குலம் மேலே இரண்டு குழல் விளக்குகளைத் தினமும் 14 மணி நேரம் எரியவிட்டு வளர்ப்பவர்களும் உண்டு. மின் கட்டணத்தைக் கணக்கிட்டால் நம் ஊரில் இது வீண் செலவு என்பேன்.

தண்ணீர்

வீட்டு ரோஜாக்களில் பெரும்பாலானவை தண்ணீர் மிகுந்தே சாகின்றன. மேல்மண்ணில் விரலை ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்று ஊற்ற வேண்டாம். உலர்ந்திருந்தால் அடித்துளை வழியாக வடியும் வரை ஊற்றி, கீழ்த்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடவும். உப்பான ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றினால் மண்மேல் வெள்ளையாகப் படிந்து இலை நுனி கருகும். அப்போது மழைநீர் அல்லது நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி உப்பைக் கழுவி வடிக்க வேண்டும்.

ஐந்து அல்லது ஆறு அங்குல மண்தொட்டி போதுமானது. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து நிரப்பவும். மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் இட்டால் போதும். ஊறவைத்த கடலைப் புண்ணாக்குக் கரைசல் பண்ணையில் உள்ள செடிகளுக்கு நல்லது, வீட்டுக்குள் நாற்றம் தாங்காது.

செஞ்சிலந்தி

வீட்டுக்குள் இதன் பெரும் எதிரி செஞ்சிலந்திதான். மழையும் பனியும் படாத இடம், மின்விசிறிக் காற்று, உலர்ந்த இலை ஆகியவை அதற்கு மிகவும் ஏற்றவை. இலையின் மேற்புறம் ஊசியால் குத்தியதுபோல் மஞ்சள் புள்ளிகள் தோன்றும். இலையைத் திருப்பினால் மெல்லிய நூலாம்படையும், நகரும் தூசி போன்ற பூச்சிகளும் தெரியும். விட்டுவிட்டால் இரண்டு வாரத்தில் செடி மொட்டையாகிவிடும்.

இதற்கு மருந்தைத் தேடி ஓட வேண்டாம். தொட்டியை வெளியே எடுத்துச் சென்று சாய்த்துப் பிடித்து, இலைகளின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவவும். காலையில் செய்தால் இலை விரைவில் உலரும். மூன்று நாளுக்கு ஒருமுறை வீதம் நான்கைந்து தடவை கழுவ வேண்டும். ஒரு தடவையோடு நிறுத்தினால் முட்டையிலிருந்து வருபவை மீண்டும் பெருகும். அதிகமாக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். சாம்பல் நோய் கண்டால் லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் போதும். கடும் வெயில் நாளில் கந்தகம் தெளித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் தெளித்த செடிக்கு இரண்டு வாரம் கந்தகம் கூடாது. எந்த மருந்தையும் வீட்டுக்குள் வைத்துத் தெளிக்கக் கூடாது.

பெருக்கும் முறை

இதற்கு ஒட்டுக்கட்டத் தேவையில்லை, போத்துக் குச்சியே வேர்விடும். கடைகளில் விற்கும் ஒரு தொட்டியில் பெரும்பாலும் மூன்று நான்கு செடிகள் நெருக்கமாக இருக்கும். பூ முடிந்ததும் அவற்றைப் பிரித்து நட்டாலே தாய்ச்செடிகள் கிடைத்துவிடும். அப்போதுதான் பூத்து முடிந்த கிளையில் மூன்று நான்கு அங்குல நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டவும். மேல் இரண்டு இலைகளை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட்டு, மணலும் தென்னைநார்க் கழிவும் கலந்த பையில் நட்டு, பாலித்தீன் தாளால் மூடி நிழலில் வைக்கவும். மூன்று நான்கு வாரத்தில் வேர்பிடிக்கும். கோடையில் அழுகலும் காய்ச்சலும் அதிகம். ஆடிக்குப் பிறகு தொடங்குவது நல்லது. முதல் தடவை ஐம்பது குச்சிக்கு மேல் வைக்க வேண்டாம்.

கவாத்து செய்த சுமார் 45 நாளில் பூ வரும். பொங்கலுக்கு விற்க நினைப்பவர்கள் கார்த்திகை நடுவில் செடியின் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடவும். முழு வெயிலில் வளர்ந்த செடியை அப்படியே விற்றால் வாங்கியவர் வீட்டில் இலை கொட்டும். விற்பனைக்குப் பத்து நாள் முன்பே பந்தலின் அரை நிழலுக்கு மாற்றி வையுங்கள். தொட்டியைக் கொடுக்கும்போது காலை வெயில் விழும் சன்னல் உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்று சொல்பவருக்கு வேறு செடியைக் காட்டுங்கள்.