நியூட்ரல்ல உறுமினா டர்போ வராது பாஸ்!

காரை நியூட்ரலில் நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்து, ‘‘டர்போ சத்தம் கேக்குதா மச்சி?’’ என்று சீன் போடுற சீனியர் உங்க காலேஜ் பார்க்கிங்கிலும் ஒருத்தர் இருப்பாரே! அந்த காரில் பூஸ்ட் மீட்டர் இருந்தால் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ஆர்.பி.எம். முள் 4000-ல் நிற்கும். பூஸ்ட் முள்? டீசல் கார் என்றால் கொஞ்சூண்டு அசையும். பெட்ரோல் என்றால் பூஜ்யத்துக்கும் கீழே!

இப்போ அதே காரில் அஞ்சு பேரை ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்கு விடுங்க. 70 கொண்டை ஊசி வளைவு. வளைவு தாண்டி ஏறும்போது 2500 ஆர்.பி.எம்.தான் இருக்கும். ஆனால், பல டீசல் கார்களில் பூஸ்ட் 1 பாரைத் தொட்டுவிடும். அதாவது 14.5 பி.எஸ்.ஐ., டயருக்கு அடிக்கிற காற்றில் ஏறக்குறைய பாதி. திரும்பி இறங்கும்போது அதே கியர், அதே 2500. காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துப் பாருங்கள், முள் அப்படியே படுத்துவிடும். ஆர்.பி.எம். ஒண்ணுதான். மாறினது லோடு!

சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு பெடல் மிதிச்சா சக்கரம் ஜிவ்வுனு சுத்தும், உங்களுக்கு வியர்க்கவே வியர்க்காது. டபுள்ஸ் வெச்சு பாலம் ஏறும்போது? வேகம் பாதிதான், ஆனா நாக்கு தள்ளிடும். இன்ஜினுக்கும் அதே கதை. நியூட்ரலில் அது தன்னைத்தானே சுத்திக்கிட்டா போதும். சொட்டு எரிபொருள், சூடு குறைந்த புகை. லோடு ஏறினால் எரிபொருள் கொட்டும். ஐட்லிங்கில் 100, 200 டிகிரியில் வெளியேறும் டீசல் புகை, முழு லோடில் 700 டிகிரி வரை போகும். டர்போ சாப்பிடுவது இந்தச் சூட்டையும் அழுத்தத்தையும்தான். புகை ஒரு பக்கச் சக்கரத்தைச் சுத்த, அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற சக்கரம் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். சின்ன டர்போ என்றால் நிமிஷத்துக்கு 2 லட்சம் சுத்துகூட உண்டு! அதிக காற்று, அதிக எரிபொருள், அதிக புகை, மறுபடி அதிக காற்று... இது எல்லை மீறாமல் இருக்க, வேஸ்ட்கேட் என்கிற குட்டிக் கதவு திறந்து மிச்சப் புகையைச் சக்கரத்தின் பக்கமே போகாமல் வெளியே தள்ளிவிடும்.

‘அப்போ லோடு இருந்தா போதும்ல?’ என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தப் பகுதி. கொஞ்சம் உஷாராப் படிங்க. போதாது. புகையின் அளவும் வேணும், அதுக்கு ஆர்.பி.எம். வேணும்.

நல்ல உதாரணம், 2007-ல் வந்த ஸ்விஃப்ட் டீசல். 2020-ல் மாருதி டீசலையே நிறுத்திவிட்டாலும், செகண்ட் ஹேண்டில் இன்னும் நம்ம பசங்க ஃபேவரிட். 1.3 லிட்டர் இன்ஜின், 190 நியூட்டன் மீட்டர் டார்க். அது முழுசா வருவது 2000 ஆர்.பி.எம்.மில். அதுக்குக் கீழே வண்டி தூங்கும். தாண்டினால் பிய்ச்சுக்கிட்டுப் போகும். இரண்டு வழிச் சாலையில் லாரிக்குப் பின்னாடி நாலாவது கியர், 1500 ஆர்.பி.எம்.மில் போகிறீர்கள். கேப் தெரிந்ததும் மிதிக்கிறீர்கள். லோடு முழுசா இருக்கு, ஆனா டர்போ எழுந்து வர ஒண்ணு ரெண்டு செகண்ட் ஆகும். 60 கி.மீ. வேகத்தில் 2 செகண்டுக்கு 33 மீட்டர் போய்விடுவீர்கள்... எதிர் லேனில், பவர் இல்லாமல்! எதிரில் பஸ் வந்தால்? லாரிக்குப் பின்னாடி இருக்கும்போதே மூணாவதுக்கு மாத்தி, 2000-க்கு மேலே கொண்டு வந்துட்டு, அப்புறம் வெளியே வாங்க. அப்பவும் எதிரே ஏதாவது தெரிஞ்சா, பேசாம பின்னாடியே போங்க.

பழைய டர்போ கார் வாங்கப் போறீங்களா? புரோக்கர் நியூட்ரலில் உறுமவிட்டு, ‘‘சத்தத்தைக் கேளு தம்பி, சிங்கம்!’’ என்பார். சிரித்துக்கொண்டே சாவியை வாங்கி, கூட்டமில்லாத மேம்பாலத்துக்கு விடுங்க. மூணாவது கியர், 2000 ஆர்.பி.எம்., ஏற்றத்தில் நல்லா அழுத்துங்க. முதுகு சீட்டில் ஒட்டினால் டர்போ உயிரோடு இருக்கு. இழுவையே இல்லாமல் கறுப்புப் புகை மட்டும் வந்தால், காற்று போகும் ஹோஸில் ஓட்டை இருக்கா, டர்போவே போச்சா என்று தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு, விலை பேசுங்க.