முழங்கால் எக்ஸ்-ரே: நிற்க வைத்து எடுத்தார்களா?

‘மூட்டு தேய்ந்துவிட்டது’ என்று எக்ஸ்-ரேயைக் காட்டிச் சொல்வார்கள். உண்மையில் தேய்வது எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு. அது எக்ஸ்-ரேயில் தெரியாது. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே தெரியும் இடைவெளியை அளந்துதான் தேய்மானத்தை ஊகிக்கிறார்கள். இடைவெளி குறைந்தால் குருத்தெலும்போ, அதோடு இருக்கும் ஜவ்வோ குறைந்திருக்கிறது என்று பொருள்.

நின்றால்தான் உண்மை தெரியும்

படுக்க வைத்து எடுத்த படத்தில் உடல் எடை மூட்டில் இறங்குவதில்லை. நன்றாகத் தேய்ந்த மூட்டில்கூட இடைவெளி அகலமாகத் தோன்றிவிடும். ஸ்வீடன் மருத்துவர் ஆல்பெக் 1968-லேயே நிற்க வைத்து எடுத்த படங்களைக் கொண்டு தேய்மானத்தை வகைப்படுத்தினார். அதனால் நிற்க முடிந்தவர்களுக்கு இரண்டு காலையும் சேர்த்து, நிற்க வைத்து எடுப்பதே சரி. படுக்கச் சொன்னால், ‘நின்றுகொண்டு எடுக்கலாமா?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

முழங்காலைச் சற்று மடக்கி நிற்க வைத்து எடுக்கும் படம், நேராக நிற்கும்போது மறைந்துவிடும் பின்பக்கத் தேய்மானத்தைக் காட்டும். படியேறும்போது முன்பக்கம் வலித்தால் முழங்கால் சில்லுக்குத் தனிப் படம் தேவைப்படலாம்.

படத்தில் எதைப் பார்க்கிறார்கள்?

இடைவெளிக் குறைவு, ஓரத்தில் முளைத்த எலும்பு முள், குருத்தெலும்புக்கு அடியில் எலும்பு இறுகி வெளுத்துத் தெரிவது ஆகியவையே முக்கிய அடையாளங்கள். மருத்துவர்கள் கெல்கிரனும் லாரன்ஸும் 1957-இல் வெளியிட்ட அளவுகோலின்படி 0 முதல் 4 வரை நிலை போடுவார்கள். 2-ஆம் நிலையில் எலும்பு முள் தெளிவாகத் தெரியும். 4-இல் இடைவெளி ஏறக்குறைய அடைபட்டு எலும்பின் வடிவமே மாறியிருக்கும்.

படம் ஒன்று, வலி வேறு

4-ஆம் நிலையிலும் நடமாடுகிறவர்கள் உண்டு. படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லாமல் வலியில் துடிப்பவர்களும் உண்டு. அவர்கள் வலியைக் கற்பனை என்று ஒதுக்குவது அநியாயம். நிலை எண்ணை மட்டும் பார்த்து மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறிப்பதும் தவறு. எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, இரவில் தூக்கம் வருகிறதா, தொடைத் தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும் செய்து பார்த்தாயிற்றா என்பதெல்லாம் தெரிந்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

எல்லோருக்கும் எக்ஸ்-ரே வேண்டுமா?

வேண்டாம். 45 வயதைக் கடந்தவருக்கு நடந்தால் வலி, காலையில் விறைப்பே இல்லை அல்லது அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடுகிறது என்றால், படம் இல்லாமலே தேய்மானம் என்று முடிவுசெய்யலாம் என்கிறது பிரிட்டனின் நைஸ் (NICE) என்ற மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதல். அடிபட்டிருந்தாலோ, வலி வேகமாகக் கூடினாலோ, அறுவை பற்றி யோசிக்கும்போதோ படம் அவசியம். மூட்டு சூடாக வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அது கிருமித் தொற்றாக இருக்கலாம். எக்ஸ்-ரே மட்டும் போதாது.

கதிர்வீச்சுக்கு அஞ்ச வேண்டாம். ஒரு முழங்கால் படத்தின் அளவு, இயற்கையிலிருந்து ஒரு நாளில் நாம் பெறுவதைவிடக் குறைவு. கர்ப்பமாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய படத்தைத் தூக்கி எறியாதீர்கள். இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒப்பிட மருத்துவருக்கு அது தேவைப்படும்.