கனடியத் தேர்தல்: விரும்பும் கட்சிக்கா, வெல்லக்கூடிய கட்சிக்கா வாக்கு?

கனடாவில் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி நடைபெற்ற நாடாளுமன்றத் தேர்தலில் லிபரல் கட்சி 169 ஆசனங்களைப் பெற்றுத் தொடர்ந்து நான்காவது முறையாக ஆட்சி அமைத்தது. 144 ஆசனங்களைப் பெற்ற கன்சர்வேட்டிவ் கட்சி மீண்டும் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தது. ஆயினும் அத்தேர்தலில் மிகக் கடுமையான இழப்பைச் சந்தித்தது புதிய ஜனநாயகக் கட்சியாகும்.

2021ஆம் ஆண்டுத் தேர்தலில் 17.8 சதவீத வாக்குகளையும் 25 ஆசனங்களையும் பெற்றிருந்த அக்கட்சி, 2025இல் 6.3 சதவீத வாக்குகளையும் 7 ஆசனங்களையும் மட்டுமே பெற்றது. அதன் தலைவர் ஜக்மீத் சிங் தமது சொந்தத் தொகுதியிலேயே மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு, பதவி விலகுவதாக அன்றிரவே அறிவித்தார்.

அக்கட்சியின் ஆதரவாளர்களில் கணிசமானோர், கன்சர்வேட்டிவ் கட்சி ஆட்சிக்கு வருவதைத் தடுக்கும் நோக்குடன் லிபரல் கட்சிக்கு வாக்களித்தனர் என்பதே இந்தச் சரிவுக்குப் பரவலாகக் கூறப்படும் விளக்கம். தமக்குப் பிடித்த கட்சிக்கு வாக்களிப்பதா, தமக்குப் பிடிக்காத கட்சியைத் தோற்கடிக்கக்கூடிய கட்சிக்கு வாக்களிப்பதா என்ற விவாதம் கனடிய வாக்காளர்களுக்குப் புதியதல்ல. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் வீடுகளிலும் வேலைத்தலங்களிலும் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் அது எழுகிறது. ஆனால் அந்தக் கணக்கு எப்போது பலிக்கிறது, எப்போது பொய்க்கிறது என்பதை 2025ஆம் ஆண்டு முடிவுகள் முன்னெப்போதையும் விடத் தெளிவாகக் காட்டின.

வாக்கு வேறு, ஆசனம் வேறு

இந்தியாவிலும் பிரிட்டனிலும் உள்ளதைப் போலவே கனடாவிலும், ஒரு தொகுதியில் அதிக வாக்குப் பெறுபவரே வெற்றி பெறுகிறார். அவர் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தோற்றவர்களுக்கு விழுந்த வாக்குகள் ஆசனக் கணக்கில் சேர்வதில்லை.

இலங்கையிலிருந்து சென்ற தமிழர்கள் பழகிய முறை இதிலிருந்து வேறுபட்டது. அங்கு நாடாளுமன்ற ஆசனங்கள் 1989 முதல் விகிதாசார முறையில் பகிரப்படுகின்றன. ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் இரண்டாவது, மூன்றாவது விருப்பத்தையும் குறிப்பிடலாம். 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் எவரும் பாதி வாக்குகளைத் தாண்டாததால், அந்த நாட்டு வரலாற்றில் முதல் தடவையாக விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. கனடிய வாக்குச் சீட்டில் இத்தகைய இரண்டாவது வாய்ப்பு இல்லை. எனவே, தமது முதல் விருப்பத்துக்குரியவர் வெல்ல மாட்டார் என்று கருதும் வாக்காளர், யார் வெல்லக்கூடும் என்பதைத் தாமே ஊகித்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த முறையின் விளைவுகள் சில சமயங்களில் விசித்திரமானவை. 2019, 2021 ஆகிய இரு தேர்தல்களிலும் நாடளாவிய ரீதியில் கன்சர்வேட்டிவ் கட்சியே அதிக வாக்குகளைப் பெற்றது. ஆனால் அதிக ஆசனங்களைப் பெற்று ஆட்சி அமைத்தது லிபரல் கட்சி. 2021இல் கியூபெக் மாகாணத்தில் மட்டும் போட்டியிட்ட புளொக் கியூபெக்குவா கட்சிக்கு 7.6 சதவீத வாக்குகளுக்கு 32 ஆசனங்கள் கிடைத்தன. அதைப் போல இரு மடங்குக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்ற புதிய ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்தவை 25 மட்டுமே. ஏறக்குறைய 5 சதவீத வாக்குகளைப் பெற்ற மக்கள் கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. ஒரே பிரதேசத்தில் குவிந்த வாக்குகளுக்கு இம்முறை வெகுமதி அளிக்கிறது; நாடெங்கும் சிதறிய வாக்குகளைத் தண்டிக்கிறது.

பிளவுபட்ட வலதும் பிளவுபட்ட இடதும்

வாக்குகள் பிளவுபடுவதால் ஏற்படும் நட்டத்தை முதலில் அனுபவித்தவர்கள் வலதுசாரிகள். 1993ஆம் ஆண்டுத் தேர்தலில், அதுவரை ஆட்சியில் இருந்த முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சி 16 சதவீத வாக்குகளைப் பெற்றும் இரண்டே இரண்டு ஆசனங்களில்தான் வென்றது. மேற்கு மாகாணங்களில் வேரூன்றிய சீர்திருத்தக் கட்சி 52 ஆசனங்களைப் பெற்றது. வலதுசாரிகள் இரண்டாகப் பிரிந்திருந்த அந்தக் காலத்தில், லிபரல் கட்சி 1993, 1997, 2000 என மூன்று தேர்தல்களிலும் பெரும்பான்மை பெற்றது. 1997இல் 38.5 சதவீத வாக்குகளே அதற்குப் போதுமானவையாக இருந்தன.

2003ஆம் ஆண்டு டிசம்பரில் இரு வலதுசாரிக் கட்சிகளும் ஒன்றிணைந்து இன்றைய கன்சர்வேட்டிவ் கட்சி உருவானதும் நிலைமை தலைகீழானது. அதன் பிறகு, வாக்குப் பிளவு என்பது லிபரல், புதிய ஜனநாயக, பசுமைக் கட்சிகளின் பிரச்சினையாயிற்று. 2004ஆம் ஆண்டுத் தேர்தலின் இறுதி நாட்களில் பிரதமர் போல் மார்ட்டின், புதிய ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் தமது கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்று நேரடியாகவே கோரினார். 2006இல் மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கத் தலைவர் பஸ் ஹார்குரோவ், கன்சர்வேட்டிவ் கட்சியைத் தடுப்பதற்காகத் தொகுதிக்கேற்ப வாக்களிக்குமாறு அழைப்பு விடுத்தார். நீண்டகாலம் புதிய ஜனநாயகக் கட்சியில் இருந்த அவரது உறுப்புரிமையை அக்கட்சி பறித்தது.

அந்த அழைப்புகள் எல்லாம் பயன் தரவில்லை. 2006இல் ஸ்டீபன் ஹார்ப்பர் சிறுபான்மை அரசை அமைத்தார். 2011இல் 39.6 சதவீத வாக்குகளுடன் 308 ஆசனங்களில் 166ஐப் பெற்று அவர் பெரும்பான்மை அரசையும் அமைத்தார். அத்தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சி 103 ஆசனங்களுடன் முதல் தடவையாகப் பிரதான எதிர்க்கட்சியானது. லிபரல் கட்சி 34 ஆசனங்களுடன் மூன்றாம் இடத்துக்குச் சென்றது. எந்தக் கட்சியைச் சுற்றி ஒன்றுசேர்வது என்பதற்கு நிரந்தரமான விடை கிடையாது என்பதை அந்த முடிவு உணர்த்தியது.

2025இல் நிகழ்ந்தது

2025ஆம் ஆண்டு தொடங்கும்போது கருத்துக்கணிப்புகளில் கன்சர்வேட்டிவ் கட்சி 20 புள்ளிகளுக்கும் மேலான முன்னிலையில் இருந்தது. ஜனவரி 6ஆம் தேதி பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ பதவி விலகும் முடிவை அறிவித்தார். மார்ச் மாதத்தில் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர் மார்க் கார்னி அவருக்குப் பதிலாகப் பிரதமரானார். அதே காலப்பகுதியில் அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் கனடியப் பொருட்கள் மீது வரி விதித்ததுடன், கனடாவை அமெரிக்காவின் 51ஆவது மாநிலம் என்று மீண்டும் மீண்டும் குறிப்பிட்டார்.

இதனால், டிரம்ப்பை எதிர்கொள்ளத் தகுந்தவர் கார்னியா, கன்சர்வேட்டிவ் தலைவர் பியர் பொலியேவ்ரா என்பதே தேர்தலின் மையக் கேள்வியாகியது. மூன்றாம் கட்சிகளுக்கு இடமில்லாத போட்டியாக அது மாறியது. லிபரல், கன்சர்வேட்டிவ் ஆகிய இரு கட்சிகளும் ஒரே தேர்தலில் 40 சதவீதத்துக்கு மேல் பெற்றது 1930ஆம் ஆண்டுக்குப் பின்னர் அதுவே முதல் தடவை. தொகுதி முறைத் தேர்தல்கள் காலப்போக்கில் இரு கட்சி அரசியலையே உருவாக்கும் என்று பிரெஞ்சு அரசறிவியலாளர் மோரிஸ் டுவெர்ஜே 1951இல் வாதிட்டார். பலமான பிரதேசக் கட்சிகளைக் கொண்ட கனடா, அவரது கூற்றுக்கு விதிவிலக்காக நீண்டகாலம் காட்டப்பட்டு வந்தது. 2025இல் அந்த விதிவிலக்குச் சுருங்கியது.

தேசிய அலையும் தொகுதிக் கணக்கும்

நாடளாவிய ரீதியில் பார்த்தால், கன்சர்வேட்டிவ் கட்சியைத் தடுக்க விரும்பியவர்களின் கணக்குப் பலித்தது. ஆனால் தொகுதி வாரியாகப் பார்த்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது.

ஒன்ராறியோ மாகாணத்தில் வின்ட்சர் மேற்குத் தொகுதியை 2002ஆம் ஆண்டு முதலும், லண்டன் ஃபான்ஷாவ் தொகுதியை 2006ஆம் ஆண்டு முதலும் புதிய ஜனநாயகக் கட்சி வைத்திருந்தது. அத்தொகுதிகளில் கன்சர்வேட்டிவ் கட்சியை எதிர்த்து வெல்லும் வலு அதுவரை அக்கட்சிக்கே இருந்தது. ஆனால் தேசியக் கருத்துக்கணிப்புகளைப் பார்த்து அதன் வாக்காளர்களில் ஒரு பகுதியினர் லிபரல் கட்சிக்கு மாறினர். தொழிலாளர் வாக்குகளில் இன்னொரு பகுதி கன்சர்வேட்டிவ் கட்சிக்கும் சென்றது. இரு தொகுதிகளும் கன்சர்வேட்டிவ் வசமாயின.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் நனைமோ-லேடிஸ்மித் தொகுதியில் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கு புதிய ஜனநாயகக் கட்சி உறுப்பினர் பதவியில் இருந்தார். பசுமைக் கட்சி வேட்பாளரும் முன்னர் அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தவரே. தேசிய அலையோ லிபரல் கட்சிக்குச் சாதகமாக வீசியது. மூவரில் யாரைச் சுற்றி ஒன்றுசேர்வது என்பதில் உடன்பாடு ஏற்படாத நிலையில், ஏறக்குறைய 35 சதவீத வாக்குகளுடன் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் வெற்றி பெற்றார்.

கருத்துக்கணிப்புகள் பெரும்பாலும் நாட்டையோ மாகாணத்தையோ அளவிடுகின்றன. வாக்குகள் எண்ணப்படுவதோ தொகுதியில். அந்த இடைவெளியை உணராமல் கணக்குப் பார்த்து வாக்களிப்பவர், தாம் தடுக்க நினைத்த கட்சிக்கே உதவிவிட நேரலாம். மறுபுறம், தனி வாக்கின் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடவும் முடியாது. கியூபெக்கின் டெர்பொன் தொகுதியில் நீதிபதி முன்னிலையில் நடந்த மறு எண்ணிக்கையில் ஒரேயொரு வாக்கே வெற்றியைத் தீர்மானித்தது. அந்த விவகாரம் பின்னர் வழக்காக நீதிமன்றம் சென்றது.

தமிழ் வாக்காளர்களின் தெரிவு

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியிலும் அதை அடுத்த மார்க்கம், பிக்கரிங் பகுதிகளிலும் செறிந்து வாழும் தமிழர்களுக்கு இந்த விவாதத்தில் இன்னொரு பரிமாணமும் உண்டு. கட்சியைப் பார்ப்பதா, வேட்பாளரைப் பார்ப்பதா என்பதே அது.

குடிவரவுக்கு வாய்ப்பளித்த கட்சி என்ற வகையில் லிபரல் கட்சி மீது பல தமிழ்க் குடும்பங்களுக்கு நீண்டகாலப் பற்று இருந்து வந்துள்ளது. 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹார்ப்பர் அரசு விடுதலைப் புலிகள் இயக்கத்தைப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்ததும் அந்தப் பற்றை வலுப்படுத்தியது. இருப்பினும் 2011இல் ஸ்காபரோ-ரூஜ் ரிவர் தொகுதியில், லிபரல் கட்சியின் கோட்டை என்று கருதப்பட்ட இடத்தில், புதிய ஜனநாயகக் கட்சியின் ராதிகா சிற்சபைஈசன் வெற்றி பெற்று, கனடிய நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதலாவது தமிழரானார். 2015இல் தேசிய அலை லிபரல் பக்கம் திரும்பியபோது அவர் தோல்வியடைந்தார். அதே அலையில் லிபரல் கட்சியின் கரி ஆனந்தசங்கரி தெரிவானார். 2025இல் அவருடன் பிக்கரிங்-புரூக்ளின் தொகுதியில் ஜுவானிட்டா நாதனும் அக்கட்சியின் சார்பில் வென்றார்.

2022ஆம் ஆண்டு மே 18ஆம் தேதியைத் தமிழின அழிப்பு நினைவு நாளாக அங்கீகரிக்கும் தீர்மானத்தைக் கனடிய நாடாளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றியது. ஒரே கட்சியின் சொத்தாகத் தமது வாக்குகள் கருதப்படாதபோதுதான் இத்தகைய கோரிக்கைகளுக்கு எல்லாக் கட்சிகளும் செவிசாய்க்கும் என்பது தமிழரிடையே ஒரு சாராரின் வாதம். ஆளும் கட்சிக்குள் இருந்தால்தான் காரியம் ஆகும் என்பது மற்றவர்களின் வாதம்.

கணக்குக்கு ஒரு விலை

தோற்கும் கட்சிக்கு அளித்த வாக்கு வீண் என்று கூறுவதும் முழுமையாகச் சரியல்ல. 2004 முதல் ஒவ்வொரு வாக்குக்கும் ஆண்டுக்கு 1.75 டாலர் என்ற அடிப்படையில் அரசு கட்சிகளுக்கு நிதி வழங்கியது. ஹார்ப்பர் அரசு அதைப் படிப்படியாகக் குறைத்து 2015இல் முற்றாக நிறுத்தியது. ஆயினும், ஒரு தொகுதியில் 10 சதவீத வாக்குகளைப் பெறும் வேட்பாளருக்குத் தேர்தல் செலவில் 60 சதவீதம் திரும்பக் கிடைக்கும் ஏற்பாடு நீடிக்கிறது. 2025இல் புதிய ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களில் பெரும்பாலானோர் அந்த எல்லையைத் தொடவில்லை. நாடாளுமன்றத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்ற தகுதிக்குத் தேவையான 12 ஆசனங்களும் அதற்குக் கிடைக்கவில்லை. கேள்வி நேரத்தில் உரிய பங்கும், குழுக்களில் இடமும், அலுவலக நிதியும் இத்தகுதியைச் சார்ந்தவை.

சிறுபான்மை அரசுகளுக்கு ஆதரவளித்துக் கொள்கைகளைப் பெற்றுக்கொள்வதே அக்கட்சியின் பலமாக இருந்து வந்தது. 2022இல் லிபரல் அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின் மூலமே பல் மருத்துவக் காப்புத் திட்டம் சாத்தியமாயிற்று. அத்திட்டத்தால் பயன்பெற்று, 2025இல் கார்னிக்கு வாக்களித்த ஒருவர், அதைக் கேட்டுப் பெற்ற கட்சியின் குரலைத் தாமே பலவீனப்படுத்தியிருக்கக்கூடும்.

தேர்தல் முறையை மாற்றினால் இந்தச் சங்கடம் தீரும் என்ற கருத்து நெடுநாளாக உண்டு. 2015ஆம் ஆண்டுத் தேர்தலே பழைய முறையில் நடக்கும் கடைசித் தேர்தல் என்று வாக்குறுதி அளித்த ட்ரூடோ, 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதைக் கைவிட்டார். மாகாண மட்டத்தில் ஒன்ராறியோ 2007இலும், பிரிட்டிஷ் கொலம்பியா 2018இலும் நடத்திய பொது வாக்கெடுப்புகளில் மாற்று முறைகள் நிராகரிக்கப்பட்டன. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2005இல் 57 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மாற்றத்தை ஆதரித்தபோதிலும், 60 சதவீதம் தேவை என்ற நிபந்தனையால் அது நிறைவேறவில்லை.

எனவே அடுத்த தேர்தலிலும் அதே வாக்குச் சீட்டே கனடிய வாக்காளர்களின் கையில் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அப்போது, நாட்டில் யார் முன்னணியில் இருக்கிறார் என்று கேட்பதற்கு முன், தமது தொகுதியில் கடந்த முறை முதல் இரண்டு இடங்களில் யார் வந்தார், எத்தனை வாக்கு வித்தியாசத்தில் வந்தார் என்று பார்த்துக்கொள்வது வாக்காளருக்கு நல்லது. அந்த விபரம் தேர்தல் ஆணையத்தின் முடிவுகளில் எவரும் காணும்படி வெளியிடப்பட்டே இருக்கிறது.