பூஜ்யம் முதல் பத்து வரை

கொழிஞ்சாம்பாறைக் கிளைக்கு நான் மாற்றலாகி வந்த இரண்டாம் ஆண்டில் என் தாயாருக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடைபெற்றது. பொள்ளாச்சிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து என்னோடு வந்து தங்கியிருந்த அவருக்கு மலையாளம் பழகியிருக்கவில்லை. அறுவை முடிந்த மறுநாள் காலை செவிலியர் கட்டிலருகே வந்து, "வேதன உண்டோ, அம்மே?" என்று கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே, "எனக்கென்ன வேதனை சிஸ்டர்? பையன் பக்கத்துலயே இருக்கானே" என்றார். செவிலியர் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குச் சென்றார்.

சற்று நேரத்தில் பிசியோதெரபி நிபுணர் வந்து காலை மடக்கச் சொன்னார். அம்மா கட்டில் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டார், நெற்றி வியர்த்தது, கால் மடங்கவில்லை. குறிப்பேட்டைப் புரட்டிய நிபுணர் திகைத்தார். வலிக்குரிய கட்டத்தில் பூஜ்யம் இருந்தது.

மலையாளத்தில் 'வேதன' என்பது உடலின் வலி. தமிழில் வேதனை பெரும்பாலும் மனத்துயரம். மாறாக, நாம் 'வலிக்கிறது' என்று சொன்னால், மலையாளச் செவிக்கு அது 'இழுக்கிறது' என்றே படும். இரு மொழியும் ஒரே தெருவில் புழங்கும் எல்லையூரில் செவிலியர் பலரும் இதை அறிந்தே இருக்கின்றனர். அன்று கேள்வியும் பதிலும் ஒன்றையொன்று சந்திக்காமல் கடந்துவிட்டன.

இத்தகைய இடங்களில் எண் கைகொடுக்கிறது. வலியே இல்லையென்றால் 0. எண்ணிப்பார்க்கக்கூடிய மிகக் கொடிய வலி 10. 1 முதல் 3 வரை இலேசானது, 4 முதல் 6 வரை நடுத்தரமானது, 7-க்கு மேல் கடுமையானது என்று பொதுவாகக் கொள்வர். 100 மில்லிமீட்டர் நீளக் கோடு ஒன்றை வரைந்து, நோயாளியையே அதில் குறியிடச் சொல்லும் முறையும் உண்டு. சிறுவர்களுக்கெனப் புன்னகை முதல் அழுகை வரை 6 முகங்கள் கொண்ட படம் இருக்கிறது. அமெரிக்கச் செவிலியர் டோனா வாங், அவருடன் பணியாற்றிய கோனி பேக்கர் ஆகிய இருவரும் 1980-களில் உருவாக்கியது அது.

வணிகவியல் படித்தவனாதலால் எனக்கு உடனே ஓர் ஐயம் எழுந்தது. ரூபாய்க்கு உள்ளதுபோன்ற பொது மதிப்பு இந்த எண்ணுக்கு இல்லையே? என் 6-ம் பக்கத்துக் கட்டில்காரரின் 6-ம் ஒன்றாகுமா? ஆகா. அவ்வாறு ஒப்பிடுவது இதன் நோக்கமும் அன்று. ஒரே கணக்கின் நேற்றைய இருப்பையும் இன்றைய இருப்பையும் பார்ப்பதுபோல, ஒரே மனிதரின் வலி மருந்துக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று பார்ப்பதற்கே இந்த எண். படுத்திருக்கும்போது உள்ள வலியும் அசைக்கும்போது உள்ள வலியும் வெவ்வேறு பதிவுகள். மூட்டு மாற்றியவருக்கு இரண்டாவதே முக்கியம். அசைவில் வலி அடங்காதவர் காலை மடக்கமாட்டார். தொடக்க வாரங்களில் மடக்காத முழங்கால் விறைத்துப்போகக்கூடும்.

எலும்பு முறிவில் இந்த எண்ணுக்கு இன்னும் பெரிய பொறுப்பு இருக்கிறது. சித்தூர் வட்டத்தில் தென்னையேறிக் கள் இறக்குவோர் பலர். மரத்திலிருந்து விழுந்து கணுக்காலுக்கு மேல் எலும்பு முறிவது இங்கே கேள்விப்படாத செய்தி அன்று. கீழ்க்காலின் தசைகள் எளிதில் விரிந்துகொடுக்காத உறைகளுக்குள் இருக்கின்றன. காயத்தால் உள்ளே வீக்கம் கண்டு அழுத்தம் ஏறினால், தசைக்கு இரத்தம் செல்வது தடைப்படும். சில மணி நேரத்திலேயே தசை அழியத் தொடங்கும். உறையை உடனே அறுத்துத் திறந்தாக வேண்டும். இதன் முதல் அறிகுறி பெரும்பாலும் வலிதான்: காயத்தின் அளவுக்கு மீறிய வலி, மருந்துக்கும் அடங்காத வலி, கால்விரலை நீட்டினால் உயிர்போகும் வலி. மாலையில் 5 என்றவர் இரவில் 9 என்றால், அது முனகல் என்று தள்ளத்தக்கது அன்று. 'ஆம்பிளை இதைத் தாங்கமாட்டானா' என்று வாயை மூடிக்கொள்பவர் காலையே இழக்க நேரிடும்.

ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் வங்கிகள் வழியே கிடைக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் விபத்தால் ஒரு பாதம் முற்றிலும் இழப்புற்றால் 1 லட்சம் ரூபாய் கிடைக்கும். அந்தப் படிவத்தை நிரப்ப உதவும் போதெல்லாம், வலிக்கு அதில் ஒரு கட்டமும் இல்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

எண் ஒன்றே போதுமா என்றால், போதாது. கனடாவின் ரொனால்டு மெல்சாக் 1975-இல் வெளியிட்ட மெக்கில் வினாத்தாளில் வலியை விவரிக்கும் 78 சொற்கள் 20 பிரிவுகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நம் வீடுகளில் வினாத்தாள் இல்லாமலே அவை புழங்குகின்றன: குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், விண்விண்ணென்று தெறிப்பது. எரிச்சலும் மின்னல் வெட்டும் நரம்பைச் சுட்டலாம். ஆகவே எண்ணோடு சொல்லையும் சேர்த்துச் சொல்வது மருத்துவருக்கு உதவும். எண்ணை மட்டுமே துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சான்று. 1990-களில் அங்கே வலியை 'ஐந்தாவது உயிர்க்குறி' என்று அறிவித்தனர். அபின்வகை மருந்துகள் மிகையாக எழுதப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்ற விமரிசனம் பின்னர் எழுந்தது.

வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 1979-இல் தந்த தன் வரையறையை 2020-இல் திருத்தியது. திருத்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீநிவாச ராஜா. ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அச்சொல்லை மதிக்க வேண்டும். சொல்ல இயலாதவருக்கு வலியில்லை என்று கொள்ளலாகாது. இவ்விரண்டும் அத்திருத்தத்தின் குறிப்புகளில் இடம்பெற்றுள்ளன.

அன்று நிபுணர் அம்மாவிடம் விரல்களைக் காட்டி, பத்துக்கு எத்தனை என்று தமிழிலேயே கேட்டார். "பெத்த வலியோட பார்த்தா இது ஒன்னுமில்லைங்க, ஒரு மூணு போட்டுக்குங்க" என்றார் அம்மா. நான் குறுக்கிட வாயெடுத்தேன். நிபுணர் கையமர்த்தினார். "அதை விடுங்கம்மா. இப்போ மடக்கும்போது எத்தனை?" அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு என் முகத்தைத் தவிர்த்து, "எட்டுங்க" என்றார். எனக்காகவே குறைத்துச் சொல்லிவந்திருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது.

மருந்து மாற்றப்பட்டது. மாலையில் எண் 4-க்கு இறங்கியது. முழங்கால் மெல்ல மடங்கியது. அடுத்த முறை செவிலியர் வந்தபோது நான் அறையை விட்டு வெளியே போய் நின்றுகொண்டேன்.

இப்போது அம்மா வாசலில் நடக்கிறார். கால் எப்படியிருக்கிறது என்று கேட்கும் அண்டைவீட்டாரிடம், "இன்னைக்கு ரெண்டு" என்கிறார்.